களை நெல்லுக்குப் பயிர் நெல் கொடுக்கும் பலம்: கலப்பின் மரபியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிரும் அதன் காட்டு உறவும் ஒரே வயலில் பூத்தால் இரண்டுக்கும் இடையே மகரந்தம் மாறும். அப்படி மாறும் மரபணுக்கள் களையை எப்படி மாற்றுகின்றன, எந்த இடத்தில் அதைத் தடுக்கலாம் என்பதே இந்தப் பக்கம். நெல்லை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். முள்ளங்கி, பீட், சோளம் ஆகியவை நெல் காட்டாத சில உண்மைகளைக் காட்டுவதால் அவையும் வருகின்றன.

களை நெல் என்பதும் காட்டு நெல் என்பதும் ஒன்றுதானா?

பேச்சில் இரண்டையும் காட்டு நெல் என்றே சொல்கிறோம். மரபியலில் இவை வேறு. ஒரைசா ரூஃபிபோகன், ஒரைசா நிவாரா என்பவை குளங்களிலும் வாய்க்கால் ஓரங்களிலும் தாமாக வளரும் உண்மையான காட்டு இனங்கள். களை நெல் நாம் பயிரிடும் ஒரைசா சட்டைவா இனத்தையே சேர்ந்தது. மணி முற்றும் முன்பே உதிரும், உதிர்ந்த விதை மண்ணில் உறங்கும், பெரும்பாலும் அரிசி சிவப்பாக இருக்கும், மணி நுனியில் மீசை இருக்கலாம்.

இதில் முக்கியமானது குரோமோசோம் கணக்கு. பயிர் நெல், களை நெல், இந்த இரு காட்டு நெல்கள் எல்லாவற்றுக்கும் 24 குரோமோசோம்களே. எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் பயிருக்கும் களைக்கும் பிறக்கும் பிள்ளை பெரும்பாலும் நன்றாக விதை பிடிக்கும். கழுதைக்கும் குதிரைக்கும் பிறந்த கோவேறு கழுதைபோல மலடாகி அங்கேயே நின்றுவிடாது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இயற்கையான காட்டு நெல் கிடையாது. ஆனாலும் அங்கே களை நெல் பெரும் தொல்லை. மரபணு ஆய்வு அதன் மூதாதையை ஆசியப் பயிர் நெல்லில் கொண்டுபோய் நிறுத்துகிறது: வைக்கோல் நிற உமி கொண்ட வகை இண்டிகா என்ற பயிர் நெல் குழுவிலிருந்தும், கறுப்பு உமியும் மீசையும் கொண்ட வகை ஆஸ் என்ற குழுவிலிருந்தும் வந்தவை. மணி உதிராமல் இருக்க மனிதன் தேர்ந்தெடுத்த எஸ்எச்4 என்ற மரபணுவின் பயிர் வடிவம் இன்றும் அவற்றில் இருக்கிறது. வேறு மரபணுக்கள் வழியாக அவை உதிரும் குணத்தைத் திரும்பப் பெற்றிருக்கின்றன. அதாவது பயிரே களையாகத் திரும்பியிருக்கிறது.

நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். பிறகு எப்படிக் கலக்கும்?

அரிதாகக் கலக்கும். பூ காலை நேரத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் திறந்திருக்கும், மகரந்தத்தின் உயிர் சில நிமிடங்களே. பயிருக்கும் களைக்கும் இடையே கலப்பு பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, பல இடங்களில் ஆயிரத்துக்கு ஒன்றோ அதைவிடவும் குறைவோ.

மகரந்தம் அதிக தூரம் போகாது என்பது விதைப் பண்ணைக்கு நல்ல செய்தி. நெல் விதைப் பண்ணைக்கு 3 மீட்டர் இடைவெளி போதும் என்று இந்திய விதைச் சான்று விதி சொல்வது அதனால்தான். ஆனால் களை நெல் பக்கத்து வயலில் நிற்பதில்லை. பயிரின் தூருக்குள், கதிரோடு கதிர் உரசிக்கொண்டு நிற்கிறது. அங்கே 3 மீட்டருக்குப் பொருளே இல்லை.

ஆயிரத்தில் ஒன்று என்றால் அதற்கு ஏன் இவ்வளவு கவலை?

ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு ஏக்கரில் சதுர மீட்டருக்கு ஒரு களை நெல் செடி என்றால் சுமார் 4,000 செடிகள். செடிக்கு 100 மணி என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் 4 லட்சம் விதை. ஆயிரத்துக்கு ஒன்று கலந்திருந்தால் 400 கலப்பு விதைகள். இருபதில் ஒன்று மட்டும் முளைத்துத் தப்பினாலும் 20 செடிகள், அவை ஒவ்வொன்றும் மறு பருவத்தில் நூற்றுக்கணக்கில் விதை தரும்.

கலப்பு விகிதத்தை மட்டும் பார்த்து “பயமில்லை” என்று சொல்வது பலரும் செய்யும் தவறு. கலப்பு ஒரு தடவை நடந்தால் போதும். அதன்பின் வந்த மரபணு நிலைக்குமா அழியுமா என்பதை வயலில் நாம் செய்யும் வேலைகள் முடிவுசெய்கின்றன. இந்தப் பக்கத்தில் வரும் ஒவ்வொரு பதிலும் ஏதோ ஒரு வழியில் இந்த இடத்துக்குத்தான் திரும்பி வரும்.

முதல் தலைமுறைக் கலப்புச் செடியைப் பார்த்து அடையாளம் காண முடியுமா?

முழுக் களை போலவே தெரியும். களையின் பல குணங்கள் ஓங்கு பண்புகள், அதாவது மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று இருந்தாலே வெளிப்படுபவை: சிவப்பு அரிசி, உயரம், மணி உதிர்தல், மீசை, இலையின் சொரசொரப்பு. பயிர் தரும் வெள்ளை அரிசியும் குட்டைத் தன்மையும் இரண்டு பிரதியும் இருந்தால்தான் வெளிப்படும் ஒடுங்கு பண்புகள், முதல் தலைமுறையில் மறைந்திருக்கும்.

வெள்ளை அரிசி எப்படி ஒடுங்கு பண்பானது என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. 7ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்சி மரபணு அரிசியின் மேல்தோலுக்குச் சிவப்பு தருகிறது. பெரும்பாலான வெள்ளை ரகங்களில் இந்த மரபணுவில் 14 டிஎன்ஏ எழுத்துகள் அறுந்து போயிருப்பதால் அது வேலை செய்வதில்லை. சரியான ஒரு பிரதி வந்தாலே சிவப்பு திரும்பிவிடும். அதே மரபணு விதை உறக்கத்தையும் கூட்டுகிறது. எனவே சிவப்பு வந்தால் மண்ணில் காத்திருக்கும் திறனும் கூடவே வருகிறது. சிவப்பு களையை விட்டுப் போகாததற்கு இது ஒரு பெரிய காரணம்.

முன்பெல்லாம் களை நெல் பயிருக்கு மேலே தலை தூக்கி நிற்கும். இப்போது பயிர் உயரத்திலேயே நிற்கிறதே, ஏன்?

பயிரின் குட்டை மரபணு அதற்குள் போய்விட்டதால் இருக்கலாம். 1966இல் வெளிவந்த ஐஆர்8 முதல் ஆசியாவின் பெரும்பாலான குட்டை ரகங்களில் இருப்பது எஸ்டி1 என்ற மரபணுவின் ஒடுங்கு வடிவம். அது 1ஆம் குரோமோசோமில் இருக்கிறது. சிவப்பு தரும் ஆர்சி 7ஆம் குரோமோசோமில். வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போடாமல் தனித்தனியாகப் பிரிந்து சேரும்.

முதல் தலைமுறைச் செடி தன் மகரந்தத்தில் விதை பிடித்தால் இரண்டாம் தலைமுறையில் நான்கில் மூன்று சிவப்பு, நான்கில் ஒன்று குட்டை. இரண்டும் சேர்ந்த செடி 16இல் 3. அதாவது நூறு செடிக்கு ஏறக்குறைய 19 சிவப்பும் குட்டையுமாக நிற்கும்.

இனி களை எடுக்க இறங்குகிறோம். கண்ணுக்கு முதலில் படுவது உயரமானது, பிடுங்குகிறோம். குட்டையானது பயிருக்குள் ஒளிந்து மணியை உதிர்த்துவிட்டு அடுத்த பருவத்துக்குத் தயாராகிறது. உயரத்தை மட்டும் பார்த்துக் களை எடுப்பது குட்டைக் களையை நாமே தேர்ந்தெடுத்து வளர்ப்பதாக முடிகிறது. ஆகவே உயரத்தோடு இலை நிறம், இலைச் சொரசொரப்பு, பூக்கும் நாள், மணி நுனி, கதிரைத் தட்டினால் மணி விழுகிறதா என்பதையும் பார்த்துப் பிடுங்க வேண்டும்.

விதை நெல்லை உரித்துப் பார்த்தால் கலப்பு தெரிந்துவிடாதா?

தெரியாது. இது பலரை ஏமாற்றும் இடம், கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அரிசியின் மேல்தோலும் உமியும் தாய்ச் செடியின் திசுக்கள். கருவுக்குள் தந்தையின் மரபணு வந்திருந்தாலும் மேல்தோலின் நிறத்தைத் தாய் மட்டுமே முடிவுசெய்கிறது. ஒரு வெள்ளை ரகத்தின் கதிரில் ஒரு பூவுக்கு மட்டும் களை நெல்லின் மகரந்தம் கிடைத்தது என்று வையுங்கள். அந்த மணியின் உமி பயிரின் உமி, உள்ளே அரிசி வெள்ளை. அளவும் அதே அளவு. பக்கத்து மணியிலிருந்து அதைப் பிரித்தறிய கண்ணால் முடியாது. அதை விதைத்தால் வரும் செடி உயரமாக நிற்கும், அந்தச் செடியில் விளையும் மணிகள் அத்தனையும் சிவப்பாக இருக்கும். அதாவது கலப்பு நடந்தது ஒரு பருவம் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, உரித்துப் பார்க்கும் சோதனை கலந்துவிட்ட களை விதையைக் கண்டுபிடிக்குமே தவிர, பயிர்த் தாயில் உருவான கலப்பு விதையைக் கண்டுபிடிக்காது. இரண்டு, களை நெல் நின்ற வயலில் அறுத்த நெல்லை எவ்வளவு சலித்துத் தூற்றினாலும் அது விதைக்கு ஆகாது.

ஒரு செடி கலப்பா, பழைய களையா என்று நாமே சோதிக்க வழி உண்டா?

உண்டு. ஒரு பருவம் பொறுமை வேண்டும்.

சந்தேகச் செடியின் கதிர் பூத்ததும் காகித உறை போட்டுக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் முற்றிய மணி கைக்கு வராது, உதிர்ந்துவிடும். முற்றியபின் அறுத்து உலர்த்துங்கள். அடுத்து உறக்கத்தைக் கலைக்க 50 டிகிரி செல்சியஸ் உலர் வெப்பத்தில் 5 நாள் வையுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால் உறங்காத விதை மட்டும் முளைக்கும், உறங்குகிற களைத்தன்மையுள்ள விதைகள் பின்தங்கும், விகிதம் பொய்யாகும். இந்தச் சோதனை பெரும்பாலும் கெடுவது இங்கேதான்.

பிறகு ஒரே செடியின் விதைகளைத் தனித் தொட்டியிலோ வரிசையிலோ நடுங்கள். குறைந்தது 16 செடி உயிரோடு முற்ற வேண்டும். 16 என்பதற்குக் காரணம் உண்டு. தாய் கலப்பாக இருந்தால் ஒவ்வொரு செடியும் குட்டையாக வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 16 செடியிலும் ஒன்றுகூடக் குட்டையாக வராமல் போகும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். 8 செடியோடு நிறுத்தினால் பத்தில் ஒரு தடவை ஏமாந்துபோவோம். முளைக்காமல் போவதையும் கணக்கில் வைத்து 30 விதை போடுவது நல்லது.

உயரம், அரிசி நிறம், மீசை எல்லாம் செடிக்குச் செடி சிதறினால் தாய் கலப்புச் செடி, அநேகமாக ஓரிரு தலைமுறைக்குள் கலந்தது. எல்லாம் ஒரே மாதிரி வந்தால் நிலைத்துவிட்ட வகை. அது பழைய களையாகவும் இருக்கலாம், பல தலைமுறைக்கு முன் கலந்து நிலைத்ததாகவும் இருக்கலாம். அதைப் பிரிக்க டிஎன்ஏ சோதனைதான் வழி. சோதனைச் செடிகளில் பூத்த கதிர்களுக்கும் உறை போடுங்கள், மண்ணை வயலில் கொட்டாதீர்கள்.

களைக்கொல்லி தாங்கும் நெல்லால் களை நெல் எதிர்ப்பு பெற்றது என்கிறார்களே, அது எப்படி நடந்தது?

இது உலகில் மிக நன்றாகப் பதிவான நிகழ்வுகளில் ஒன்று. களை நெல்லும் பயிரும் ஒரே இனம் என்பதால் நெல்லைக் கொல்லாமல் களை நெல்லை மட்டும் கொல்லும் மருந்து இல்லாமல் இருந்தது. 2002இல் அமெரிக்காவில் கிளியர்ஃபீல்ட் என்ற பெயரில் இமிடாசோலினோன் வகைக் களைக்கொல்லியைத் தாங்கும் ரகங்கள் வந்தன. இந்த மருந்து ஏஎல்எஸ் என்ற நொதியை முடக்கும். வேலின், லியூசின், ஐசோலியூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களைச் செடியால் செய்ய முடியாமல் போகும். தாங்கும் ரகங்களில் அந்த நொதியின் ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. உதாரணமாக 653ஆம் இடத்தில் செரினுக்குப் பதில் அஸ்பராஜின். மருந்து அந்த இடத்தில் ஒட்ட முடியாது.

இந்த எதிர்ப்பு ஒரு பிரதி இருந்தாலே பெரும்பாலும் வேலை செய்யும், எனவே முதல் தலைமுறைக் கலப்புச் செடியே மருந்தில் தப்பிவிடும். ஏஎல்எஸ் இருப்பது 2ஆம் குரோமோசோமில். சிவப்பு 7இல், குட்டை 1இல். மூன்றும் தனித்தனிக் குரோமோசோம் என்பதால் சிவப்பு, குட்டை, எதிர்ப்பு மூன்றும் சேர்ந்த செடி இரண்டாம் தலைமுறையிலேயே 64இல் 9 வரும்.

எவ்வளவு வேகம் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் சாதாரணக் களைக்கு ஒரு கலப்புச் செடி. மருந்து 95 சதவீதம் கொல்கிறது, தப்பியவை எல்லாம் சமமாக விதை தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் பருவத்தில் தெளித்தபின் தப்பியவற்றில் எதிர்ப்புள்ளவை நூற்றுக்கு 2 மட்டும், யாருக்கும் தெரியாது. இரண்டாம் பருவத்தில் 23. மூன்றாம் பருவத்தில் 80க்கு மேல். மண்ணில் கிடக்கும் பழைய விதை இந்த ஓட்டத்தைச் சற்று மெதுவாக்கும், நிறுத்தாது. “இரண்டு வருடம் அருமையாக வேலை செய்தது, திடீரென்று கைவிட்டது” என்று சொல்லப்படுவதன் உள்கணக்கு இது. திடீரென்று எதுவும் நடக்கவில்லை. மூன்று பருவமும் ஒரே மருந்து, ஒரே ரகம் என்றதால் நடந்தது.

அமெரிக்காவில் அறிமுகமான சில ஆண்டுகளிலேயே எதிர்ப்புக் களை நெல் கண்டறியப்பட்டது. ஆர்கன்சாவில் பின்னர் சேகரித்த களை நெல்லில் பெரும்பகுதி பயிரோடு கலந்த வழித்தோன்றல் என்று மரபணு வரிசை ஆய்வு காட்டியது. மலேசியாவில் இதே முறை 2010இல் வந்தது, அங்கேயும் எதிர்ப்பு தோன்றியது.

அந்த எதிர்ப்பு கலப்பால் வந்ததா, களையில் தானாக ஏற்பட்ட மாற்றமா என்று எப்படிச் சொல்கிறார்கள்?

மாறிய எழுத்தை மட்டும் பார்த்தால் சொல்ல முடியாது, ஒரே மாற்றம் இரண்டு இடத்தில் தனித்தனியாகவும் நிகழலாம். அதனால் அந்த எழுத்தின் இரு பக்கமும் உள்ள நீண்ட டிஎன்ஏ துண்டைப் படிக்கிறார்கள். துண்டு முழுவதும் பயிர் ரகத்தோடு ஒத்துப்போனால் கலப்பில் வந்தது. சுற்றுப்புறம் களையினுடையதாகவும் நடுவில் ஒரு எழுத்து மட்டும் மாறியதாகவும் இருந்தால் தானாக வந்த மாற்றம். துண்டின் நீளமும் பேசும்: தலைமுறை கடக்கக் கடக்க அது நறுங்கிச் சிறுக்கும், எனவே நீளமான துண்டு அண்மைக் கலப்பின் அடையாளம்.

இது மரபணு மாற்றுப் பயிரால் வந்த வினையா?

இல்லை. கிளியர்ஃபீல்ட் நெல், விதைகளில் மாற்றம் தூண்டித் தேர்ந்தெடுத்தது, வேறு உயிரின் மரபணு அதில் இல்லை. 2021இல் இந்தியாவில் வெளியிடப்பட்ட பூசா பாசுமதி 1979, 1985 ரகங்களும் அப்படியே. நாகினா 22 என்ற பழைய ரகத்தில் தூண்டிய மாற்றத்திலிருந்து இமாசெதாபைர் தாங்கும் திறன் வந்தது. மகரந்தத்துக்கு எந்த முறையில் உருவான மரபணு என்ற வேறுபாடு தெரியாது. நேரடி விதைப்புக்கு இந்த ரகங்கள் பெரிய உதவி என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அதனாலேயே அவற்றின் ஆயுளைக் காப்பாற்ற வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

வீரிய ஒட்டு ரகங்கள் கூடுதல் ஆபத்தா?

ஒரு வகையில் ஆம். ஒட்டு ரகத்தின் செடி தானே முதல் தலைமுறை. அதிலிருந்து உதிர்ந்து மறு பருவம் தானாக முளைப்பது இரண்டாம் தலைமுறை, உயரம், பூக்கும் நாள், உறக்கம் எல்லாம் சிதறி வரும். அந்தச் சிதறலில் சில செடிகள் களை நெல் பூக்கும் நாளோடு பொருந்திவிடும். சாதாரண ரகத்தில் இரண்டும் ஒரே வாரத்தில் பூக்கவில்லை என்றால் தப்பித்துக்கொள்கிறோம், ஒட்டு ரகத்தின் உதிரிச் செடிகள் அந்த இடைவெளியை நிரப்புகின்றன. எனவே ஒட்டு ரகம் விளைந்த வயலில் தானாக முளைத்த செடியைப் பயிராக நினைத்து விடக்கூடாது.

பயிரின் எல்லா மரபணுக்களும் களைக்குள் போய்விடுமா?

போகாது. கலப்புச் செடி மீண்டும் மீண்டும் களையோடு கலந்தால் பயிரின் பங்கு 50, 25, 12.5 சதவீதம் என்று பாதி பாதியாகக் குறையும். களைக்கு உதவாத துண்டுகள் இன்னும் வேகமாகக் கழியும். மணி உதிராத குணம், உறக்கம் இல்லாத குணம் இவற்றுக்கு அருகில் உள்ள பயிர் மரபணு அவற்றோடு பிணைந்தே போவதால் அதுவும் வெளியேறும். உதவும் மரபணு மட்டும் தங்கும்.

ஆகவே “கலந்தால் பயிரைப் போலப் பலவீனமாகிவிடும்” என்ற வாதம் பாதிதான் சரி. முதல் தலைமுறை பலவீனமாக இருக்கலாம், அதன் பேரப்பிள்ளைகள் அப்படி இருக்க வேண்டியதில்லை.

நெல்லைத் தவிர வேறு பயிர்களிலும் இப்படி உண்டா?

உலகின் மிக முக்கியமான 13 உணவுப் பயிர்களில் 12, எங்கோ ஓரிடத்தில் தம் காட்டு உறவோடு கலக்கின்றன. மூன்றைச் சொல்கிறோம்.

கலிஃபோர்னியாவின் காட்டு முள்ளங்கி. அங்கே ஐரோப்பாவிலிருந்து வந்த மஞ்சள் பூக் களை முள்ளங்கியும், சமையல் முள்ளங்கியும் கலந்தன. இரண்டுக்கும் 18 குரோமோசோம். ஆனால் இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்ட வேறுபாடு இருந்ததால் முதல் தலைமுறையில் ஏறக்குறைய பாதி மகரந்தம் மலடு. அது தடையாக நிற்கவில்லை. பூவுக்குப் பூ பூச்சி மூலம் கலக்கும் செடி, தன் மகரந்தத்தை ஏற்காதது, எனவே சில தலைமுறையில் வளம் திரும்பிவிட்டது. இன்று அங்கே நிற்கும் செடியின் பூ வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, ஊதா என்று பல நிறம். காய் களையினுடையதைப்போல மெலிந்து கணுக்கணுவாக உடைவதும் இல்லை, சமையல் முள்ளங்கியினுடையதைப்போல உடையாமல் பருத்து நிற்பதும் இல்லை, நடுவில் இருக்கிறது. ரிவர்சைடில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த மாநிலத்தில் தூய பெற்றோர் இரண்டுமே கலப்பினத்துக்குள் கரைந்து மறைந்துவிட்டன.

ஐரோப்பாவின் சர்க்கரை பீட். பயிர் குளிரைக் கண்ட இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும், காட்டு பீட்டின் பி என்ற ஓங்கு மரபணு இருந்தால் முதல் ஆண்டிலேயே பூத்துவிடும். தென்மேற்கு பிரான்சிலும் வட இத்தாலியிலும் உள்ள விதைப் பண்ணைகளில் தாய்ச் செடிகள் ஆண்மலடு, சொந்த மகரந்தம் இல்லை. பக்கத்துக் காட்டுச் செடியின் மகரந்தம் எளிதாக ஏறிவிட்டது. அந்த விதை வட ஐரோப்பாவின் வயல்களுக்கு மூட்டையில் போனது, 1970களிலிருந்து களை பீட் பெருகியது. அந்தக் களைகளின் சைட்டோபிளாசம் (செல்லில் கருவுக்கு வெளியே உள்ள பகுதி) பயிருக்கே உரிய ஆண்மலட்டு வகை. சைட்டோபிளாசம் தாயிடமிருந்து மட்டுமே வரும் என்பதால் தாய் பயிர், தந்தை காட்டுச் செடி என்பது உறுதியாயிற்று. களை வயலுக்கு வந்த வழி வரப்பு அல்ல, விதை மூட்டை.

ஜான்சன் புல். இது சோளத்தின் காட்டு உறவான களைப் புல். சோளத்துக்கு 20 குரோமோசோம், இதற்கு 40. எண்ணிக்கை வேறு என்பதால் கலப்பு கடினம், ஆனாலும் நடக்கிறது: சோள வயலிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்ற செடியிலும் கலப்பு விதை கண்டார்கள். குரோமோசோம் எண்ணிக்கை வேறுபாட்டை முழுப் பாதுகாப்பு என்று நம்பக்கூடாது.

கலந்தால் களைக்கு எப்போதும் லாபம்தானா?

இல்லை, இடத்தைப் பொறுத்தது. முள்ளங்கியில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். ஒரே கலப்பு வம்சத்தை மிச்சிகனிலும் கலிஃபோர்னியாவிலும் விதைத்தார்கள். களை ஏற்கெனவே பழகிய மிச்சிகனில் கலப்புச் செடி தூய களையைவிடச் சற்றுப் பின்தங்கியது. கலிஃபோர்னியாவில் உயிர்தப்புதல் ஏறக்குறைய 22 சதவீதமும், வாழ்நாள் விதை எண்ணிக்கை ஏறக்குறைய 270 சதவீதமும் கூடுதல். புதிய சூழலில் கலப்பு தரும் பலவித மரபணுச் சேர்க்கைகளில் ஏதோ ஒன்று பொருந்திக்கொள்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அரிதான காட்டு இனத்தைப் பயிர் மகரந்தம் மூழ்கடித்துவிடலாம். தைவானின் சொந்தக் காட்டு நெல் அருகிப் போனதற்குப் பயிரோடு நடந்த கலப்பும் ஒரு காரணம். வருங்கால ரகங்களுக்குத் தேவையான நோய் எதிர்ப்பு மரபணுக்கள் அப்படிப்பட்ட இனங்களில்தான் இருக்கின்றன. அந்த இழப்பை நாங்கள் களைத் தொல்லையைவிடச் சிறியதாக நினைக்கவில்லை.

சான்று விதை வாங்கினால் போதுமா?

முதல் படி அதுதான், ஆனால் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியச் சான்று விதி நெல்லில் காட்டு நெல் விதையைக் கிலோவுக்கு ஆதார விதையில் (சான்று விதையைப் பெருக்கப் பயன்படும் விதை) 2 வரையும் சான்று விதையில் 5 வரையும் அனுமதிக்கிறது. கிலோவில் 40,000 மணிக்கு மேல் இருப்பதால் இது கடுமையான விதிதான். ஆனாலும் ஏக்கருக்கு 30 கிலோ நேரடியாக விதைத்தால் உச்ச வரம்பில் 150 களை விதை சேர்ந்தே போகும். அதனால் சான்று விதை போட்ட வயலிலும் கலவன் (பயிரோடு கலந்து நிற்கும் வேற்றுச் செடி) நீக்கியே ஆக வேண்டும். முதல் இரண்டு ஆண்டில் அந்த 150ஐப் பிடுங்கிவிட்டால் வேலை முடிந்தது. விட்டுவிட்டால் பிறகு வருவது விதை மூட்டையிலிருந்து அல்ல, உங்கள் மண்ணிலிருந்து.

சிவப்பு அரிசி ரகம் பயிரிடுகிறோம். நிறம் பார்த்துப் பிரிக்க முடியாதே?

முடியாது. மாப்பிள்ளைச் சம்பா போன்ற பாரம்பரிய ரகங்களிலும் இலங்கையின் சிவப்பரிசி ரகங்களிலும் நிறம் ஓர் அடையாளமே அல்ல. மணி உதிர்வதைப் பாருங்கள். பூத்த 12ஆம் நாள் கதிரை உள்ளங்கையில் வைத்து மெதுவாக இறுக்குங்கள். பயிரின் மணி பால் கட்டிய நிலையில் காம்போடு ஒட்டி நிற்கும், களையின் மணி அப்போதே கழன்று கையில் விழும்.

வயலில் வரிசையாக என்ன செய்ய வேண்டும்?

அறுவடை முடிந்ததும் ஆழ உழாதீர்கள். மேலே கிடக்கும் விதையைப் பறவையும் எலியும் தின்னும், ஈரமும் வெயிலும் கெடுக்கும். ஆழத்தில் புதைத்தால் உறங்கிப் பல ஆண்டு காத்திருந்து ஏதோ ஒரு உழவில் மேலே வரும்.

விதைப்புக்கு முன் நிலத்தைத் தயார் செய்து ஈரப்படுத்தி 10 முதல் 14 நாள் விடுங்கள். களை நெல் முளைத்து இரண்டு மூன்று இலை விட்டதும் மேலாகக் கீறி அழியுங்கள். நேரம் இருந்தால் இன்னொரு முறை. ஒரு முறையில் உறங்காதவை மட்டுமே முளைக்கும் என்பதால் இரண்டாவது முறைக்குப் பலன் உண்டு.

தாக்குதல் கடுமையாக இருந்தால் அந்தப் பருவம் நடவுக்கு மாறுங்கள். வரிசை நடவில் வரிசைக்கு வெளியே வரும் நெல் எல்லாம் பிடுங்க வேண்டியவை, உயரம் பார்க்கத் தேவையில்லை. நாற்றுக்கு மூன்று வார முன்னிலை இருப்பதால் உடனே 5 முதல் 10 சென்டிமீட்டர் தண்ணீர் கட்டலாம், தண்ணீருக்கடியில் களை விதை முளைக்கத் திணறும். நேரடி விதைப்பில் பயிர் விதை முளைக்க வயலை வடிக்க வேண்டியிருக்கிறது, அதே ஈரம் களைக்கும் வாய்ப்பாகிறது. இலங்கையில் பெரும்பாலும் நேரடி விதைப்பு என்பதால் அங்கே இந்தத் தொல்லை இவ்வளவு வேரூன்றியிருக்கிறது.

பிடுங்கும் நாளில் தவறாதீர்கள். பூத்துப் பத்து நாள் அளவில் மணி உதிரத் தொடங்கிவிடும். பூப்பதற்கு முன்பே பிடுங்கினால் உதிர்வும் கலப்பும் இரண்டும் நிற்கும், பூத்தபின் பிடுங்கினால் உதிர்வு மட்டும் நிற்கும், மகரந்தம் ஏற்கெனவே போயிருக்கும். கதிரை மட்டும் அறுத்தால் தூர் மறுபடி கதிர் விடும், வேரோடு எடுங்கள். எடுத்ததை வரப்பில் போடாமல் சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோங்கள்.

அறுவடை இயந்திரம் முந்தைய வயலின் விதையைச் சுமந்து வரும். வயலில் இறங்கும் முன் வெட்டுப் பகுதி, தானியத் தொட்டி, சங்கிலி, டயர் ஆகியவற்றை ஊதித் துடைக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் அவசரப்பட்டாலும் அந்த அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

களைக்கொல்லி தாங்கும் ரகம் போட்டால் ஒரே வயலில் அடுத்தடுத்த பருவம் போடாதீர்கள். நடுவில் உளுந்தோ பச்சைப்பயறோ, வேறு முறையில் வேலை செய்யும் மருந்தோ வரட்டும். மருந்தை அளவு குறைத்துத் தெளிப்பது பெரிய தவறு: ஒரு பிரதி எதிர்ப்பு உள்ள கலப்புச் செடி குறைந்த அளவில் எளிதாகத் தப்பிவிடும். தெளித்த மூன்று வாரம் கழித்து வயலுக்குள் நடந்து, தப்பி நிற்கும் ஒவ்வொரு நெல்லையும் பூக்கும் முன் கையால் எடுத்துவிடுங்கள். மேலே போட்ட கணக்கில் முதல் பருவத்தின் அந்த நூற்றில் இரண்டு, இந்த நடையில்தான் கையில் சிக்கும்.